ஐந்து டாலர் கோழி, நான்கு இரவுச் சாப்பாடு

அமெரிக்காவில் குடும்பம் நடத்தும் தமிழர்களுக்குக் காஸ்ட்கோ என்ற உறுப்பினர்களுக்கான மொத்தக் கடையின் சுட்ட கோழியை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. கம்பியில் கோத்துக் கண்ணாடிக்குப் பின்னால் சுழன்றுகொண்டே வேகும் முழுக்கோழி. ரொட்டிசரி சிக்கன் என்று பெயர். 2009 முதல் அதன் விலை 4.99 டாலர். இடையில் முட்டை, எண்ணெய், வாடகை எல்லாம் ஏறிவிட்டன, இது ஏறவில்லை. பல கடைகளில் பச்சைக் கோழியை முழுதாக வாங்கினால் இதைவிடக் கூடுதலாகவே ஆகும்.

சுட்டது பச்சையைவிட மலிவாக இருப்பதற்குக் காரணம் உண்டு. இந்தக் கோழியில் லாபம் பார்க்க அந்த நிறுவனம் நினைக்கவில்லை. விலையை ஏற்றாமல் வைத்திருப்பதால் ஆண்டுக்கு 3 முதல் 4 கோடி டாலர் வரை விட்டுக்கொடுக்கிறோம் என்று, அப்போது அதன் நிதித்துறைத் தலைவராக இருந்த ரிச்சர்ட் கலான்டி 2015இல் முதலீட்டு ஆய்வாளர்களிடம் சொன்னார். 2019இல் நெப்ராஸ்கா மாநிலத்தின் ஃப்ரீமாண்ட் நகரில் இதற்காகவே சொந்தக் கோழி ஆலையும் தொடங்கினார்கள். விட்ட பணம் வேறு வழியில் வந்துவிடுகிறது. கோழி இருப்பது கடையின் பின்கோடியில். அதை எடுத்துக்கொண்டு வாசலுக்குத் திரும்புவதற்குள் தள்ளுவண்டியில் நாம் நினைத்தே பார்க்காத பத்துப் பொருள்கள் ஏறியிருக்கும். சிக்கனம் பேசுகிறவர் முதலில் கற்க வேண்டிய வித்தை, கோழியை மட்டும் எடுத்துக்கொண்டு வெளியே வருவது. அடுப்பு வேலையெல்லாம் அதற்குப் பிறகுதான்.

உறுப்பினர் கட்டணமான ஆண்டுக்கு 65 டாலரை இந்தக் கோழிக்காக மட்டும் கட்டுவதில் பொருளில்லை. சாம்ஸ் கிளப்பிலும் ஏறக்குறைய இதே விலைதான், அங்கும் உறுப்பினராக வேண்டும். சாதாரண சூப்பர் மார்க்கெட்டில் கோழி சற்றுச் சிறியதாகவும் விலை கூடுதலாகவும் இருக்கும். ஆனால் பல கடைகளில் முந்தைய நாள் விற்காத கோழியைக் குளிரவைத்து, மறுநாள் குறைந்த விலைக்கு ஃபிரிட்ஜ் அலமாரியில் வைக்கிறார்கள். கீழே சொல்லப்போகும் முறைக்கு அது நன்றாகவே பொருந்தும். ஸ்நாப் என்ற அரசு உணவு உதவியில் வாங்குகிறவர்களுக்கும் அதுவே வழி. சூடான உணவுக்கு அந்த அட்டை பொதுவாகச் செல்லாது, குளிர்ந்த கோழிக்குச் செல்லும்.

கோழியின் கணக்கு

காஸ்ட்கோ கோழி ஏறக்குறைய 3 பவுண்டு, அதாவது 1.3 கிலோவுக்குச் சற்று மேல். எலும்பும் தோலும் நீக்கினால் பாதிதான் கறி. 650 கிராமிலிருந்து 700 கிராம் வரை தேறும். பிய்த்துப் போட்டால் அமெரிக்க அளவுக் கோப்பையில் நாலரைக் கோப்பை. நான்கு பேர் இருக்கும் வீட்டில் இதை ஒரே இரவில் தீர்த்துவிடலாம். நான்கு இரவுக்கும் நீட்டலாம். தட்டில் கோழியைப் பெரிதாக வைத்து ஓரத்தில் சோறு வைப்பது ஒரு வகை; சோற்றையும் பரோட்டாவையும் பெரிதாக வைத்துக் கோழியை அதற்குள் ருசியாகச் சேர்ப்பது இன்னொரு வகை. இரண்டாவது நமக்குப் புதிதல்ல. ஒரு நாட்டுக்கோழி அடித்து, குழம்பில் உருளைக்கிழங்கையும் போட்டு, வீட்டில் இருக்கும் பத்துப் பேருக்கும் ஊற்றிய பாட்டிகள் நம் எல்லோர் குடும்பத்திலும் உண்டு.

ஆனால் அந்தப் பாட்டியின் முறையை இந்தக் கோழிக்கு அப்படியே பயன்படுத்தினால் கெட்டுவிடும். நம் கைப்பழக்கம், மசாலாவை வதக்கியதும் கோழியைப் போட்டு, அது வேகும்போது விடும் சாற்றில் குழம்பு ருசியேறும்படி கொதிக்கவிடுவது. இது ஏற்கெனவே முழுக்க வெந்த கோழி. விடுவதற்கு அதனிடம் சாறு இல்லை. இன்னும் இருபது நிமிடம் கொதித்தால் நெஞ்சுக்கறி நார் நாராகி, மெல்ல மெல்லச் சக்கையாகும். குழம்புக்கும் சாரம் ஏறாது. எனவே இந்த வழிகாட்டியில் எல்லாச் சமையலுக்கும் ஒரே முறை: குழம்பை முழுதாகச் சமைத்து முடியுங்கள், அதற்கு வேண்டிய சாரத்தை எலும்புச் சாறிலிருந்து கொடுங்கள், கோழியைக் கடைசியில் சேர்த்துச் சூடேற மட்டும் விடுங்கள்.

உப்பு இன்னொரு விஷயம். இந்தக் கோழிகளை உப்புக் கரைசல் ஏற்றித்தான் சுடுகிறார்கள். கறியிலும் உப்பு, எலும்புச் சாற்றிலும் உப்பு, பையின் அடியில் தேங்கிய சாற்றில் இன்னும் அதிக உப்பு. அடுப்பிலிருந்து இறக்கும் முன் ஒரு துளி ருசி பார்த்துவிட்டு உப்புப் போடுங்கள். பல நாள் போடவே தேவைப்படாது. ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடுகிறவர் வீட்டில் இருந்தால், அவருக்கு இந்தக் கோழி வாரந்தோறும் வேண்டாம்.

வாங்கும்போது

எந்தக் கோழியும் ஒரே விலை என்பதால் கையில் தூக்கிப் பார்த்துக் கனமானதை எடுங்கள். சூப்பர் மார்க்கெட்டில் நாலைந்து சுவைகளில் வைத்திருப்பார்கள். பார்பிக்யூ, தேன் பூசியது போன்றவற்றைத் தவிருங்கள். அந்த இனிப்பு சோம்போடும் மிளகோடும் சண்டைபோடும். எதுவும் சேர்க்காத சாதாரண வகையே நம் சமையலுக்கு ஏற்றது. அதையும் கடையில் மற்ற வேலைகளை எல்லாம் முடித்துவிட்டுக் கடைசியாக எடுங்கள்.

கடைசியாக எடுக்கச் சொல்வதற்குக் காரணம் நேரம். சமைத்த இறைச்சி, சூடும் இல்லாமல் குளிரும் இல்லாமல் இரண்டு மணி நேரத்துக்கு மேல் வெளியே இருக்கக் கூடாது என்பது அமெரிக்க வேளாண் துறையின் விதி. 90 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்கு மேல் வெயில் அடிக்கும் நாளில் ஒரு மணி நேரம்தான். டெக்சாஸில் ஜூலை மாதத்தில் கோழியைக் காரில் விட்டுவிட்டு இந்தியக் கடைக்குள் நுழைகிறவர்கள் இதை நினைவில் வைக்க வேண்டும். காரில் வரும் நேரமும் இந்தக் கணக்கில் சேரும். நேராக வீட்டுக்கு வாருங்கள்.

பிரிப்பது

ஞாயிறு மாலை வாங்குவதாக வைத்துக்கொள்வோம். கோழியை முழுதாக ஃபிரிட்ஜில் வைத்துவிட்டு மறுநாள் பிரிக்கலாம் என்று நினைக்காதீர்கள். ஆறிய கோழியில் கொழுப்பு உறைந்து, கறி எலும்பைப் பிடித்துக்கொள்ளும். பிய்க்கும்போது பாதி எலும்போடு போய்விடும். முழுக்கோழி உள்வரை குளிர நேரமும் அதிகம் பிடிக்கும். கை தாங்கும் சூடு வந்ததும் உட்கார்ந்துவிடுங்கள். கால் மணி நேர வேலைதான்.

ஓரம் உயர்ந்த தட்டு ஒன்று, மூன்று கிண்ணங்கள், ஒரு சிறிய கத்தி போதும். முதலில் பையின் அடியில் இருக்கும் சாற்றை ஒரு சிறு கிண்ணத்தில் வடியுங்கள். ஃபிரிட்ஜில் வைத்தால் அது அடியில் பழுப்பு நிறக் கூழாகவும் மேலே வெண்மையான கொழுப்பாகவும் பிரியும். அந்தக் கொழுப்பில் வெங்காயம் வதக்கலாம். கூழ் ஒரு கரண்டி எந்தக் குழம்பையும் தூக்கிவிடும்.

அடுத்து, தொடையை உடலிலிருந்து வெளிப்பக்கமாக விரித்துப் பின்னோக்கி மடக்குங்கள். மூட்டு தானாகக் கழன்று வெளியே வரும். கத்தி தோலை அறுக்க மட்டும். காலையும் தொடையையும் மூட்டில் பிரித்தால் இரண்டு பக்கமும் சேர்ந்து நான்கு துண்டு. இவற்றைப் பிய்க்க வேண்டாம், இன்று இரவுக்கு முழுதாகவே வேண்டும்.

நெஞ்சின் நடுவில் ஓடும் எலும்பை ஒட்டிக் கத்தியை இறக்கி, விரலாலேயே கறியைத் தள்ளினால் ஒவ்வொரு பக்கமும் ஒரே பாளமாகக் கழன்றுவிடும். அதையும் இப்போதே பிய்க்காதீர்கள். பாளமாக இருக்கும் வரை ஈரம் உள்ளே தங்கும். தேவைப்படும் நாளில் தேவையான அளவு மட்டும் பிய்த்துக்கொள்ளலாம்.

இனிக் கோழியைக் கவிழ்த்துப் போடுங்கள். பெரும்பாலானோர் இந்தப் பக்கத்தைப் பார்ப்பதே இல்லை. தொடை கழன்ற இடத்துக்குச் சற்று மேலே, முதுகெலும்பின் இரு பக்கமும் உள்ள குழியில், கட்டைவிரல் நுனி அளவில் இரண்டு உருண்டைகள் இருக்கும். கோழியிலேயே மிக மென்மையான கறி அதுதான். அதைக் கிண்ணத்தில் போடுவதா, சமையல் செய்கிறவர் வாயில் போடுவதா என்பதில் எனக்குச் சந்தேகம் இருந்ததில்லை. முதுகு, கழுத்து, விலா எலும்புகளின் இடுக்கிலிருந்து விரலால் சுரண்டி எடுத்தால் அரைக் கோப்பைக்கு மேல் உதிரிக் கறி வரும். அது செவ்வாய்க்கிழமைக்கு. இறக்கைகளை அப்படியே எலும்புக் கிண்ணத்தில் போடுங்கள். அதில் கறியைவிடப் பசை அதிகம், சாற்றுக்கு உடல் கொடுப்பது அதுதான்.

தோலை எறிய வேண்டாம். காய்ந்த வாணலியில் எண்ணெய் விடாமல் பரப்பி, சிறு தீயில் பத்து நிமிடம் வைத்தால் தன் கொழுப்பிலேயே வறுபட்டு மொறுமொறுப்பாகும். சோற்றின் மேல் நொறுக்கித் தூவலாம். குழந்தைகள் அதுவரை விட்டுவைப்பார்களா என்பது வேறு கேள்வி.

நெஞ்சுக்கறிப் பாளங்களையும் உதிரியையும் ஆழமில்லாத மூடிப் பாத்திரங்களில் போட்டு உடனே ஃபிரிட்ஜில் வையுங்கள். மூன்று, நான்கு நாள் இருக்கும். ஞாயிற்றுக்கிழமைக் கோழி புதன் இரவோடு முடிந்துவிட வேண்டும். அதற்கு மேல் வேண்டியதை இன்றைக்கே ஃப்ரீசரில் போடுங்கள். புதன்வரை பார்த்துவிட்டு மிச்சத்தைப் போடலாம் என்றால் பழையதைத்தான் உறையவைப்பீர்கள். ஒரு பாளத்தில் பாதியைப் பிய்த்து, ஜிப் பையில் தட்டையாகப் பரப்பி, காற்றை வெளியேற்றி, தேதி எழுதி வையுங்கள். நான்கு மாதம் வரை ருசி குன்றாது.

ஞாயிறு: மிளகுத் தாளிப்போடு கால்கள்

முதல் இரவு கோழியைக் கோழியாகவே சாப்பிட வேண்டும், இல்லையென்றால் வீட்டில் கலகம் வரும். நான்கு துண்டு, நான்கு பேர். பிரிக்கும்போது ஆறியிருந்தால், பையிலிருந்து எடுத்த சாற்றில் இரண்டு கரண்டி தெளித்து, அலுமினியத் தாளால் மூடி, 350 டிகிரி ஃபாரன்ஹீட் ஓவனில் பதினைந்து நிமிடம் சூடாக்குங்கள். மைக்ரோவேவில் தோல் ரப்பராகிவிடும்.

அமெரிக்கச் சுவையில் உப்பைத் தவிர வேறு பெரிதாக ஒன்றும் இருக்காது. வெந்த கறிக்குள் மசாலா இனி இறங்கவும் இறங்காது. அதனால் மேலே தாளித்துக் கொட்ட வேண்டியதுதான். இரண்டு தேக்கரண்டி நெய்யில் நான்கு பல் பூண்டைத் தட்டிப் போட்டு, பொன்னிறமானதும் ஒரு கொத்துக் கறிவேப்பிலை, ஒன்றரைத் தேக்கரண்டி ஒன்றிரண்டாக இடித்த மிளகு, அரைத் தேக்கரண்டி சீரகம். பொரிந்த உடனே சூடான கால்களின் மேல் ஊற்றி, எலுமிச்சை பிழியுங்கள். ரசம் சாதம், முட்டைக்கோஸ் பொரியல், ஓரத்தில் இந்தக் கோழி. வேறு எதுவும் தேவையில்லை.

சாப்பிட்டு முடித்ததும் தட்டிலிருக்கும் எலும்புகளைக் குப்பையில் போடாதீர்கள். கடித்த எலும்பைப் போடுவதா என்று முகம் சுளிப்பவர்கள் உண்டு. குக்கரில் அரை மணி நேரத்துக்கு மேல் வேகப்போகிறது, பயப்பட ஒன்றுமில்லை. மனம் ஒப்பவில்லை என்றால் அவற்றை விட்டுவிடுங்கள். கூடும் இறக்கையும் போதும்.

எலும்புச் சாறு

இந்த ஐந்து டாலரில் உண்மையான லாபம் இங்கேதான் இருக்கிறது. இதைச் செய்யாதவர் கோழியில் பாதியைத்தான் வாங்கினார் என்பேன். அடுத்த மூன்று சமையலும் இந்தச் சாற்றை நம்பியே நிற்கின்றன.

5 லிட்டர் குக்கரில் எலும்புக்கூட்டை உடைத்துப் போடுங்கள். முதுகெலும்பை இரண்டாக ஒடித்தால் இடம் மிச்சமாகும், சாரமும் நன்றாக இறங்கும். பாதி வெங்காயம் தோலோடு, விரல் நீள இஞ்சியை நசுக்கி, பத்து மிளகு, இரண்டு லிட்டர் தண்ணீர். தண்ணீர் குக்கரின் மூன்றில் இரண்டு பங்கைத் தாண்டக் கூடாது. உப்பு வேண்டவே வேண்டாம். பட்டை, கிராம்பு, மஞ்சள் எதையும் இப்போது சேர்க்காதீர்கள். சேர்த்துவிட்டால் எதில் ஊற்றினாலும் பிரியாணி வாசம் வரும். சாறு ஊமையாக இருந்தால்தான் எந்தக் குழம்புக்கும் ஒத்துப்போகும்.

முதல் விசில் வந்ததும் தீயைக் குறைத்து 40 நிமிடம். இன்ஸ்டன்ட் பாட் என்ற மின்சாரக் குக்கர் என்றால் உயர் அழுத்தத்தில் 45 நிமிடம். திறந்த பாத்திரத்தில் செய்வதானால் இரண்டரை மணி நேரம், தளதளவென்று கொதிக்காமல் ஓரத்தில் மட்டும் குமிழ் வரும் தீயில். பாத்திரம் துலக்கி, மறுநாள் பள்ளிப் பையை எடுத்துவைக்கும் நேரத்தில் குக்கர் தன் வேலையை முடித்திருக்கும்.

வடிகட்டியதும் பெரிய பாத்திரத்தில் அப்படியே மூடிவைத்துவிட்டுத் தூங்கப் போகாதீர்கள். சூடான சாறு மூடிக்குள் மெதுவாக ஆறும் அந்த நேரம்தான் கிருமிகளுக்குக் கொண்டாட்டம். சிங்கில் குளிர்ந்த தண்ணீரும் பனிக்கட்டியும் நிரப்பிப் பாத்திரத்தை அதில் நிறுத்தி, அவ்வப்போது கலக்கினால் இருபது நிமிடத்தில் சூடு இறங்கிவிடும். பிறகு சிறு பாத்திரங்களில் பிரித்து ஃபிரிட்ஜில் வையுங்கள். காலையில் மேலே கொழுப்பு ஆடையாகப் படிந்து, கீழே சாறு தளதளவென்று கூழாக நின்றால் நன்றாக வந்திருக்கிறது என்று பொருள். கூழாகாமல் தண்ணீராகவே இருந்தாலும் ருசியில் குறைவிருக்காது.

ஏழரை, எட்டுக் கோப்பை கிடைக்கும். திங்களுக்கு அரைக் கோப்பை, செவ்வாய்க்கு மூன்றரை, புதனுக்கு ஒன்றரை என்று ஒதுக்கி, மீதியைக் கறி இருக்கும் பையோடு ஃப்ரீசருக்கு அனுப்புங்கள்.

திங்கள்: கொத்து பரோட்டா

வேலை முடிந்து வரும் திங்கட்கிழமை மாலைக்கு இதைவிடப் பொருத்தமான உணவு இல்லை. மாவு பிசைய வேண்டாம். இந்தியக் கடையின் உறைந்த பரோட்டா போதும். நான்கு பேருக்கு ஆறு பரோட்டா, ஒரு கோப்பை பிய்த்த நெஞ்சுக்கறி, மூன்று முட்டை, பெரிய வெங்காயம் இரண்டு, தக்காளி ஒன்று, பச்சை மிளகாய் மூன்று.

பரோட்டாவைக் கல்லில் இரு பக்கமும் நன்றாகச் சிவக்கச் சுடுங்கள். வெளுப்பாக எடுத்தால் பிறகு சாறு பட்டதும் களியாகிவிடும். சூடாக இருக்கும்போதே அடுக்கி, இரு உள்ளங்கைக்கும் நடுவில் வைத்து நொறுக்கினால் அடுக்கடுக்காகப் பிரியும். பிறகு நக அளவுக்குக் கிள்ளிக்கொள்ளலாம்.

கனமான இரும்பு வாணலியில் எண்ணெய் விட்டுச் சோம்பு, கறிவேப்பிலை, பச்சை மிளகாய், வெங்காயம். வெங்காயம் முழுக்கக் குழைய வேண்டாம், கொஞ்சம் கடிபட வேண்டும். இஞ்சி பூண்டு விழுது ஒரு தேக்கரண்டி, பிறகு தக்காளி. தக்காளி மசிந்ததும் குழம்பு மிளகாய்த் தூள் ஒன்றரைத் தேக்கரண்டி, கரம் மசாலா அரைத் தேக்கரண்டி. அரைக் கோப்பை எலும்புச் சாற்றை ஊற்றிப் பாதியாகச் சுண்டவிடுங்கள். தனியாகச் சால்னா வைக்க வேண்டியதை இந்த ஒரு சுண்டல் மிச்சப்படுத்துகிறது. மசாலாவை ஓரமாகத் தள்ளி, நடுவில் முட்டையை உடைத்து ஊற்றி, முக்கால் பதம் கிளறி, பரோட்டாவைக் கொட்டுங்கள்.

இனி கொத்து. ஊரில் பரோட்டாக் கடையில் இரண்டு தகடுகளால் தாளம் போடுவார்கள். வீட்டில் ஒரு எவர்சில்வர் டம்ளரைக் கவிழ்த்துப் பிடித்து அதன் விளிம்பால் கொத்தினால் அதே பதம் வரும், சத்தமும் ஏறக்குறைய வரும். அடுக்குமாடி வீடு என்றால் கீழ்வீட்டுக்காரரை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். நான்ஸ்டிக் வாணலியில் டம்ளரை எடுக்காதீர்கள், மரக் கரண்டியோடு நிறுத்திக்கொள்ளுங்கள். எல்லாம் கலந்த பிறகு கோழியைத் தூவி, பெரிய தீயில் இரண்டு மூன்று நிமிடம், ஆவி பறக்கும் வரை புரட்டி இறக்குங்கள். மேலே மிளகுத் தூள், கொத்தமல்லி. தயிர்ப் பச்சடி வைத்தால் விருந்து.

பரோட்டாவுக்குப் பதில் டார்ட்டியா என்ற மெக்சிகோ ரொட்டியையும் கொத்தலாம், ஆனால் அடுக்கு இல்லாததால் பாதி சுவைதான். டார்ட்டியா இருந்தால் அதைக் கொத்துவதைவிட, இடையில் சீஸும் கோழியும் கொஞ்சம் மிளகாயும் வைத்து மடித்து, தோசைக்கல்லில் மெக்சிகோ பாணியில் சுட்டுக் கொடுப்பது மேல். கொத்தின் காரம் தாங்காத குழந்தைகளுக்கு ஐந்து நிமிடத்தில் சாப்பாடு.

செவ்வாய்: மிளகுக் கோழிச் சாறு

நான்கு நாளில் செலவு மிகக் குறைந்தது இதுதான். கறி என்று போவது அந்த உதிரி அரைக் கோப்பை மட்டும். ஒன்றரைத் தேக்கரண்டி மிளகு, ஒரு தேக்கரண்டி சீரகம், அரைத் தேக்கரண்டி சோம்பு, ஆறு பல் பூண்டு. மிளகு, சீரகம், சோம்பு மூன்றையும் முதலில் பொடித்து, பூண்டைக் கடைசியில் போட்டுத் தட்டுங்கள். நல்லெண்ணெயில் கறிவேப்பிலை, பொடியாக நறுக்கிய சின்ன வெங்காயம் ஒரு பிடி, தக்காளி ஒன்று, சிட்டிகை மஞ்சள். இடித்ததைச் சேர்த்து வாசம் எழும் வரை பிரட்டி, மூன்றரைக் கோப்பை எலும்புச் சாற்றை ஊற்றி எட்டு நிமிடம் கொதிக்கவிடுங்கள். உதிரிக் கறியைப் போட்டு இன்னொரு கொதி, கொத்தமல்லி, இறக்கம். புளி வேண்டாம், தக்காளிப் புளிப்பே போதும்.

சுடுசோற்றில் ஊற்றி, உருளைக்கிழங்கு வறுவலோ ஆம்லெட்டோ வைத்துக்கொள்ளலாம். அமெரிக்கக் குளிர்காலத்தில் வீட்டில் ஒருவருக்கு மூக்கடைப்பு இருந்தால் அவருக்குச் சோறுகூட வேண்டியதில்லை, டம்ளரில் ஊற்றிக் கொடுங்கள்.

புதன்: உருளை, கொண்டைக்கடலைக் குருமா

கடைசி நாளில் ஒன்றரைக் கோப்பைக்கும் குறைவான நெஞ்சுக்கறிதான் மிஞ்சியிருக்கும். அதைத் தனியாக நிறுத்தினால் தட்டு ஏழையாகத் தெரியும். எனவே துணைக்கு இரண்டு உருளைக்கிழங்கும் டின்னில் வரும் கொண்டைக்கடலை ஒன்றும். டின்னில் உள்ள தண்ணீரை வடித்துக் கடலையை அலசிக்கொள்ளுங்கள், அதிலும் உப்பு இருக்கும்.

அரைப்பதற்கு: தேங்காய்த் துருவல் அரைக் கோப்பை, சோம்பு ஒரு தேக்கரண்டி, முந்திரி ஆறு, பச்சை மிளகாய் இரண்டு. உறைந்த தேங்காய்த் துருவலே போதும், உருகவிட்டு அரைத்தால் வாசம் மாறாது. எண்ணெயில் பட்டை, கிராம்பு, ஏலக்காய், பிறகு வெங்காயத்தைப் பொன்னிறமாக வதக்குங்கள். கோழி தன் சாரத்தைக் கொடுக்கப்போவதில்லை என்பதால் வெங்காயத்தில் அவசரப்படக் கூடாது. அந்த நிறம்தான் குருமாவின் ஆழம். இஞ்சி பூண்டு, தக்காளி, மல்லித் தூள் இரண்டு தேக்கரண்டி, மிளகாய்த் தூள் ஒன்று. எண்ணெய் பிரிந்ததும் உருளை, கடலை, ஒன்றரைக் கோப்பை எலும்புச் சாறு, ஒரு கோப்பை தண்ணீர். உருளை வெந்ததும் தேங்காய் விழுதைக் கலந்து ஐந்து நிமிடம்.

இந்தக் கட்டத்தில் குருமா கோழி இல்லாமலே ருசியாக இருக்க வேண்டும். இல்லையென்றால் இப்போதே சரிசெய்யுங்கள்: காரமோ, ஒரு துளி எலுமிச்சையோ, உப்போ. பிறகு கோழியைப் பெரிய துண்டுகளாகக் கிள்ளிப் போட்டு, குமிழியிட்டு ஒரு கொதி முழுதாக வந்ததும் அடுப்பை அணைத்து, மூடி பத்து நிமிடம் விடுங்கள். மீந்த உணவைச் சூடாக்கும்போது உள்ளே 165 டிகிரி ஃபாரன்ஹீட் எட்ட வேண்டும் என்பது விதி; கொதிக்கும் குருமாவில் சிறு துண்டுகள் அதை எளிதில் எட்டிவிடும். சப்பாத்தி, இடியாப்பம், முந்தைய நாள் மாவில் தோசை, எதற்கும் பொருந்தும். குருமாவை மறுபடி மிச்சம்பிடித்து வெள்ளிக்கிழமைக்குக் கடத்த வேண்டாம். திரும்பத் திரும்பச் சூடாக்கப்படும் கோழிக்கு ருசியும் இல்லை, நம்பிக்கையும் இல்லை.

கறிச் செலவைக் கணக்கிட்டால் ஒரு இரவுக்கு ஒன்றேகால் டாலர், தலைக்கு முப்பது சென்ட்டுக்குச் சற்று மேல். அதே தெருவில் ஒரு தட்டு கொத்து பரோட்டாவுக்கு உணவகத்தில் என்ன விலை என்பதை நீங்களே அறிவீர்கள்.

ஃப்ரீசரில் இருப்பது

அது அடுத்த வாரமோ அடுத்த மாதமோ, சமைக்கவே மனமில்லாத ஒரு நாளுக்கு. காலையில் கறிப் பையையும் சாற்றையும் ஃபிரிட்ஜுக்கு இறக்கிவிட்டு வேலைக்குப் போங்கள்; சமையல் மேடையில் வைத்து உருகவிடாதீர்கள். மாலையில் இரண்டு கோப்பை பாசுமதியை அரை மணி நேரம் ஊறவைத்து, நெய்யில் பட்டை, கிராம்பு, பிரிஞ்சி இலை, வெங்காயம், புதினா, இஞ்சி பூண்டு, ஒரு கரண்டி தயிர் சேர்த்து வதக்கி, எலும்புச் சாறும் தண்ணீருமாக மூன்று கோப்பை அளந்து ஊற்றிப் புலாவ் வையுங்கள். உறைந்த காய்கறிக் கலவை ஒரு கோப்பை சேர்க்கலாம். கோழியை அரிசியோடு போடாதீர்கள். அரிசி வெந்து தண்ணீர் வற்றியதும், தனி வாணலியில் சிறிது நெய்யும் மிளகும் போட்டு ஆவி பறக்கச் சூடாக்கிய கோழியைச் சோற்றின் மேல் பரப்பி, மூடி, மிகச் சிறு தீயில் ஐந்து நிமிடம் தம் போடுங்கள். சோறு உடையாமல் ஓரத்திலிருந்து கரண்டியை விட்டுப் புரட்டி, வெங்காயப் பச்சடியோடு பரிமாறலாம்.